குழாய் சுத்தம், புகை இல்லை

போன மாதம் ஒரு பெண் போன் செய்தாள். நான் வேலை பார்த்த திட்டத்துக்கு இப்போது பேர் மாறிவிட்டது, ஆபீஸும் இடம் மாறிவிட்டது. அவள் அங்கே புதிதாகச் சேர்ந்தவளாம். "மேடம், மலையில எல்லா ஊட்டுக்கும் கேஸ் அடுப்பு வந்துருச்சு. ஆனா பாதிப்பேரு சிலிண்டரை மூலையில வெச்சுட்டு வெறகுலதான் ஆக்கறாங்க. அந்தக் காலத்துல நீங்க புகையில்லா அடுப்பை எப்படிங்க ஒழுங்கா பராமரிக்க வெச்சீங்க? ஒரு பத்து வரி எழுதிக் குடுங்க, ட்ரெயினிங்ல படிச்சுக் காட்டறோம்" என்றாள். சரி கண்ணு என்று சொல்லி வைத்துவிட்டேன். உட்கார்ந்தால் பத்து வரியில் நிற்கவில்லை. எனக்கு வாய் எப்பவுமே கொஞ்சம் நீளம். அந்த வாய் செய்த வேலையைப் பற்றித்தான் இதில் எழுத வேண்டியிருக்கிறது.

எனக்குச் சொந்த ஊர் புளியஞ்சோலைக்குக் கீழே, துறையூர்ப் பக்கம். வீட்டு வாசலில் நின்றால் கொல்லிமலை தெரியும். தெரியுமே தவிர, தொண்ணூற்று ஏழில் இந்த வேலை கிடைக்கும் வரை நான் மேலே ஏறியதில்லை. பத்து நாள் பயிற்சி கொடுத்தார்கள். மண் பிசைந்தோம், அச்சு வைத்தோம், நாலு அடுப்பு கட்டினோம், அதில் ரெண்டு விரிசல் விட்டது. அவ்வளவுதான் படிப்பு. மலைமேல் செம்மேட்டில் ஒரு அறை எடுத்துக்கொண்டு, ஆலத்தூர் நாட்டிலும் எடப்புளி நாட்டிலும் (மலையில் சில ஊர்கள் சேர்ந்தது ஒரு நாடு) அடுப்பு வைத்த வீடுகளை மாதம் ஒரு தடவை சுற்றி வர வேண்டியது என் பொறுப்பு. ஜனங்கள் என்னை "அடுப்பு டீச்சர்" என்றார்கள். டீச்சர் என்று கூப்பிட்டதும் தலை கொஞ்சம் கனத்துத்தான் போனது.

அந்த அடுப்பைப் பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன். மண்ணால் கட்டிய ரெண்டு கண் அடுப்பு. முன்னால் விறகு வைக்கிற வாய். முதல் கண்ணுக்கும் ரெண்டாவது கண்ணுக்கும் நடுவில் உள்ளுக்குள்ளேயே ஒரு வழி போகும், அதைச் சுரங்கம் என்போம். ரெண்டாவது கண்ணைத் தாண்டிய புகை, பின்னால் நிற்கும் குழாயில் ஏறிக் கூரைக்கு மேலே போய்விடும். குழாய் உச்சியில் மழை இறங்காமல் ஒரு தொப்பி. குழாயின் அடியில் கை நுழையும் அளவுக்கு ஒரு ஓட்டை, அதை ஒரு செங்கல் துண்டு வைத்து மண் பூசி மூடியிருப்போம். கட்டுவது ஒரு நாள் வேலை. அப்புறம் காலத்துக்கும் சுத்தம் செய்துகொண்டே இருக்க வேண்டும். சுத்தம் செய்யாவிட்டால் மூன்று மாதத்தில் குழாய் அடைத்துப் புகை முழுக்க முகத்துக்குத்தான் வரும். அப்புறம் அதற்கு மூணு கல் அடுப்பே தேவலை.

தினம் சாம்பல் அள்ள வேண்டும். வாரம் ஒருமுறை ரெண்டாவது கண்ணில் முழங்கை வரை கையை விட்டுச் சுரங்கத்தில் படிந்த கரியை வழிக்க வேண்டும். இதெல்லாம் வீட்டுக்காரர் வேலை. மாதம் ஒருமுறை குழாய், அது என் வேலை. அடுப்பு நன்றாக ஆறியிருக்க வேண்டும். ஏணி வைத்துக் கூரையில் ஏறித் தொப்பியைக் கழற்றி, கயிற்று நுனியில் ஒரு கல்லும் அதற்கு மேலே தேங்காய் நார்ப் பந்தும் கட்டிக் குழாய்க்குள் இறக்குவேன். மேலும் கீழும் ரெண்டு முறை இழுத்தால் கரி பொலபொலவென்று அடியில் கொட்டும். கீழே வந்து செங்கல் துண்டை எடுத்துக் கரியை முறத்தில் வாரி, விரிசலுக்குச் சாணிமண் பூசி, காய்ந்த சருகைக் கொளுத்தி, ரெண்டு கண்ணிலும் சட்டியை வைத்துவிட்டு வெளியே ஓடி வந்து பார்க்க வேண்டும். புகை கூரைக்கு மேலே போனால் சரி. வீட்டுக்குள் வந்தால் மறுபடி முதலிலிருந்து.

இந்த வரிசையில் ஒன்றைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். கண்ணாடி. அது எங்கள் மேலதிகாரி ரங்கசாமி சார் கொண்டுவந்தது.

சாருக்குத் தலையில் ஒரு முடி கிடையாது. ஆனால் சட்டைப் பையில் எப்போதும் ஒரு வட்டக் கண்ணாடி இருக்கும். புதிதாக வேலைக்கு வருகிற பிள்ளைகள் அதைப் பார்த்துச் சிரிக்கும். எந்த வீட்டுக்குப் போனாலும் சார் யாரிடமும் பேச மாட்டார். நேராக அடுப்படிக்குப் போய் மண்டி போட்டு உட்கார்ந்து அடுப்போடு பேசுவார். "என்னப்பா, உனக்கு என்ன பண்ணுது? மூச்சு முட்டுதா?" என்று கேட்டுக்கொண்டே, குழாயின் அடி ஓட்டையில் கண்ணாடியைச் சாய்த்து வைப்பார். குழாய் சுத்தமாக இருந்தால் கண்ணாடியில் வட்டமாக ஆகாசம் தெரியும். ஆகாசம் தெரிந்தால்தான் அந்த வீட்டில் ஒரு வாய்த் தண்ணீர் குடிப்பார். தெரியாவிட்டால் எழுந்து போய்விடுவார். அவர் தண்ணீர் குடிக்காமல் போன வீட்டுப் பெண்கள் ரெண்டு நாள் மூஞ்சியைத் தூக்கி வைத்திருப்பார்கள், அதுவும் என்னிடம்தான்.

ஒவ்வொரு வீட்டிலும் ஆணியில் ஒரு அட்டை தொங்கும். சாம்பல், சுரங்கம், குழாய், விரிசல், புகை என்று ஐந்து கட்டம். பார்த்து எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். ஒரு வருஷத்தில் நானும் ஒரு கண்ணாடி வாங்கிக்கொண்டேன். சாரைப் போலவே மண்டி போட்டேன். அட்டையில் என் எழுத்து மணிமணியாக இருக்கும். கரி படிந்த என் முழங்கையைப் பார்த்து சார் ஒருநாள், "நீ ஒருத்திதாம்மா வேலைக்காரி" என்றார். அன்றைக்கு எனக்குச் சோறே இறங்கவில்லை, அவ்வளவு பெருமை.

வெள்ளையம்மா வீடு ஆலத்தூர் நாட்டில், மரவள்ளிக் காடுகளைத் தாண்டி உள்ளே போகிற ஒரு சின்ன ஊரில் இருந்தது. புருஷன் சடையன், ஆறு வயசுப் பெண் செல்வி. செல்விக்கு இழுப்பு. மூணு கல் அடுப்பு இருந்த காலத்தில் அந்தப் பிள்ளை மூச்சு விடுகிற சத்தம் வாசல் வரை கேட்கும். புகைதான் காரணம் என்று சொல்லி அந்த ஊரில் முதல் அடுப்பை அவர்களுக்குத்தான் வைத்தோம். நாலு மாதத்தில் பிள்ளை ஓடி விளையாட ஆரம்பித்தாள். வெள்ளையம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்க அடுப்பு இல்லீன்னா இவ இல்லீங்க டீச்சர்" என்றாள். அவளைப் போல அடுப்பு வைத்திருந்தவர்கள் வேறு யாரும் இல்லை. பத்தே நாளில் ஒரு தடவை மண் மெழுகிவிடுவாள். அதனால்தான் அந்த வீட்டையே மாதிரி வீடாகக் காட்டலாம் என்று முடிவு செய்தோம். மேலிருந்து பெரிய அதிகாரிகள் பார்க்க வரப்போகிறார்கள் என்றார்கள்.

அதற்கு முந்தின வாரம், மார்கழி மாதம். மூடுபனி இறங்கி எதிரில் வருகிற ஆள் தெரியவில்லை. எல்லாம் சரியாக இருக்கிறதா என்று பார்க்க நானும் சாரும் சொல்லாமல் கொள்ளாமல் காலையிலேயே போய் நின்றோம். உள்ளே நுழைந்தால் கண் எரிகிறது. வீடு முழுக்கப் புகை. வெள்ளையம்மா என்னைப் பார்த்ததும் அடுப்பில் இருந்த பச்சை விறகை வெளியே இழுத்துத் தண்ணீர் தெளித்தாள். சார் வாசலிலேயே நின்றுவிட்டார்.

நான் மண்டி போட்டு செங்கல் துண்டை எடுத்துக் கண்ணாடியை வைத்தேன். இருட்டு. கையை விட்டேன். துணி. இழுத்தால் வருகிறது, வருகிறது, ஒரு பெரிய உருண்டை. வைக்கோலைச் சுற்றிக் கட்டியிருந்த துணி, செல்வியின் கிழிந்த பச்சைப் பாவாடை.

வேண்டுமென்றே அடைத்திருக்கிறாள். எனக்கு அப்படியே தலைக்கு ஏறியது.

"ஏ வெள்ளையம்மா! உனக்கு அறிவு இருக்குதா? இதை எடுத்து யார் மூஞ்சில அடிக்கச் சொல்ற?"

"இல்லீங்க டீச்சர், பரண்ல வெதை இருக்குதுங்க..."

"விதையாம் விதை! புள்ளை முக்கியமா, விதை முக்கியமா?"

"புள்ளைதானுங்க. அதுக்குத்தானுங்க நான்..."

"பேசாத! நான் கண்ணால பாத்துட்டேன், இன்னும் என்னத்தப் பேசற?"

சத்தம் கேட்டு அக்கம்பக்கத்துப் பெண்கள் கூடிவிட்டார்கள். பக்கத்து வீட்டிலிருந்து செல்வி ஓடி வந்தாள், கையில் பாதி தின்ற வேகவைத்த கிழங்கு. பிள்ளை ஏன் அந்நேரத்தில் பக்கத்து வீட்டில் இருந்தாள் என்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. வாசலில் சார், "ஏம்மா, இன்னும் எவ்வளவு நேரம்?" என்றார். நான் செல்வியைப் பிடித்து இழுத்து வெள்ளையம்மா முன்னால் நிறுத்தினேன்.

"இனி இந்தக் குழாயை அடைக்க மாட்டேன்னு இவ தலை மேல கை வெச்சுச் சத்தியம் பண்ணு."

எங்கள் ஊரில் இப்படிச் சத்தியம் வாங்குவது பெரிய விஷயமே இல்லை. கள்ளு குடிக்க மாட்டேன் என்று காலையில் பிள்ளை தலையில் அடித்துச் சத்தியம் செய்வார்கள், மறுநாளே மறந்துவிடுவார்கள். மலையில் அப்படி இல்லை என்று எனக்குத் தெரியாது. கூடி நின்ற பெண்கள் எல்லாரும் சட்டென்று பேச்சை நிறுத்தினார்கள். வெள்ளையம்மாவின் கை உடனே வரவில்லை. பரணை ஒருமுறை அண்ணாந்து பார்த்தாள். அப்புறம் கையைப் பிள்ளையின் தலையில் வைத்தாள். "அடைக்க மாட்டேனுங்க. எப்பவும் அடைக்க மாட்டேனுங்க" என்றாள். செல்வி அதை விளையாட்டு என்று நினைத்து, அம்மாவின் கையைத் தலையோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

அடுப்பு ஆறியதும் நான் குழாயைச் சுத்தம் செய்து கண்ணாடியை வைத்தேன். வெள்ளையாக வட்டம் தெரிந்தது. அட்டையில் 'குழாய் சுத்தம், புகை இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். சார் தண்ணீர் வாங்கிக் குடித்தார். அடுத்த வாரம் அதிகாரிகள் வந்தார்கள், பார்த்தார்கள், கைதட்டினார்கள். அப்புறம் மாதாமாதம் போனபோதெல்லாம் குழாய் கண்ணாடி போலத்தான் இருந்தது. வெள்ளையம்மா மட்டும் முன்னைப் போல என்னிடம் பேசவில்லை. திட்டியது ரோஷமாக இருக்கும், தானே சரியாகிவிடும் என்று விட்டுவிட்டேன்.

ஆடி மாதம் போனபோது வீடு பூட்டிக் கிடந்தது. அவளுடைய ஓரகத்தி, சடையனின் தம்பி பெண்டாட்டி பழனியம்மா, பக்கத்து வீட்டு வாசலில் உட்கார்ந்திருந்தாள். அவளைக் கேட்டேன்.

"கீழ நாமக்கல் பக்கம் ஒரு கோழிப்பண்ணைக்கு வேலைக்குப் போயிட்டாங்க. மூணு பேரும்தான்."

"காட்டை விட்டுட்டு எதுக்குப் போனாங்க? இது விதைக்கிற காலமாச்சே?"

பழனியம்மா என்னை ஒரு பார்வை பார்த்தாள். "வெதை எங்கீங்க இருக்குது விதைக்க?" என்றாள்.

அப்புறம்தான் சொன்னாள். அண்ணன் தம்பிகள் நாலு வீட்டுக்கும் விதை வெள்ளையம்மா வீட்டுப் பரணில்தான் இருக்கும். அவளுக்குக் கைராசி என்று மாமியார் காலத்திலிருந்தே வழக்கமாம். தினையும் சோளமும் கதிரோடு தொங்கும், சாமையும் மொச்சையும் கூடையில் இருக்கும். பனியில் ஈரம் ஏறாமலும் பூச்சி விழாமலும் காப்பது அடுப்புப் புகை. எங்கள் அடுப்பு வந்த முதல் வருஷமே பாதி விதை கெட்டுவிட்டது. ரெண்டாவது வருஷம் வெள்ளையம்மா ஒரு வழி கண்டுபிடித்தாள்.

"வாரத்துக்கு ரெண்டு நாள் காலையில புள்ளையை என்ற ஊட்டுக்கு அனுப்பிருவாங்க. குழாயை அடைச்சு, பச்சை வெறகு வெச்சு, பரணுக்குப் புகை காட்டுவாங்க. அப்பறம் அடைப்பை எடுத்துட்டு, கதவைத் தொறந்து போட்டு, புகை வாசம் போனப்பறம்தான் புள்ளையைக் கூப்புடுவாங்க. நீங்க அந்த நேரம் பாத்து வந்து நின்னீங்க."

எங்கள் ஊரில் விதையைக் களத்தில் கொட்டி ரெண்டு நாள் வெயில் காட்டினால் போதும். வெயில் இல்லாத ஊரில் விதையை எப்படிக் காப்பார்கள் என்று மூன்று வருஷம் சுற்றியும் நான் ஒருத்தரைக்கூடக் கேட்டதில்லை. அடுப்பைக் குனிந்து பார்த்தேனே தவிர, அதற்கு நேர் மேலே தொங்கியதை அண்ணாந்து பார்க்கவில்லை.

"சரி, நான் போனப்பறம் அடைச்சிருக்கலாமே? நான் மாசத்துக்கு ஒருக்காதானே வாரேன்?" என்றேன். கேட்டது எனக்கே கேவலமாக இருந்தது.

"புள்ளை தலையில கை வெச்சுட்டு எப்படீங்க? சித்திரையிலேயே பூசணம் பூத்துருச்சு. அடைச்சுத் தொலைடின்னு அவங்க ஊட்டுக்காரரு அடிக்கக்கூட அடிச்சாரு. மாட்டேன்னுட்டாங்க. மழை பேஞ்சதும் இருந்ததை நாலு ஊட்டுக்காரங்களும் விதைச்சோம். ஒண்ணும் மொளைக்கல. அப்பறம் ஆளாளுக்குப் பேச்சு. என்ற ஊட்டுக்காரரும் பேசுனாரு, நானும்தான் பேசுனேன். தாங்காமப் போயிட்டாங்க."

செம்மேட்டுக்குத் திரும்பி சாரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கையில் வைத்துத் திருப்பிக்கொண்டே இருந்தார். "அட்டையில அதுக்குக் கட்டம் இல்லையேம்மா" என்றார். நான் அவரைத் திட்ட வேண்டும் என்று நினைத்தேன். ஆனால் அவர் வாசலில் நின்றார், உள்ளே நின்று கத்தியது நான்தான்.

மூன்றாம் நாள் சார் ஒரு எண்ணெய் டின்னை வெட்டிக்கொண்டு வந்தார். ஒரு சின்னத் தட்டு அளவுக்குத் தகடு, பிடிக்க ஒரு கம்பி. குழாயில் ஒரு வெட்டு போட்டு அதைச் செருகினால் புகை பரணுக்குப் போகும், இழுத்தால் வெளியே போகும். பிள்ளைகளை வெளியே அனுப்பிவிட்டு விதைக்குப் புகை காட்டிக்கொள்ளலாம். வெள்ளையம்மா பாவாடைத் துணியில் செய்ததுதான், வேறொன்றும் இல்லை. அதைச் செய்ய சாருக்கு அரை மணி நேரம் கூட ஆகவில்லை. நான் அதை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போனேன். இந்தத் தடவை கேட்டுக் கேட்டு வைத்தேன். பெண்கள் சந்தோஷப்பட்டார்கள். மலையிறங்கிப் போய் வெள்ளையம்மாவைப் பார்த்துவிட்டு வர வேண்டும், செல்வியை அந்தத் தூசியில் வைத்திருக்காதே என்று சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டேதான் இருந்தேன். கோழிப்பண்ணைக்குள் ஒருதடவை போயிருக்கிறேன். தீவனத் தூசியும் எச்ச நெடியும் நல்ல மனுஷருக்கே நெஞ்சை அடைக்கும். அடுத்த வாரம், அடுத்த வாரம் என்று தள்ளிப் போட்டேன். உண்மையைச் சொன்னால், அவள் முகத்தைப் பார்க்கப் பயமாக இருந்தது.

கார்த்திகையில் பழனியம்மா சொன்னாள். ஐப்பசி அடைமழையில் செல்விக்கு இழுப்பு கண்டு, ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகிற வழியிலேயே போய்விட்டாளாம்.

வீட்டுப் புகையிலிருந்து அந்தப் பிள்ளையை எடுத்துக் கோழிப்பண்ணைத் தூசியில் போட்டவள் நான். யார் என்ன சமாதானம் சொன்னாலும் எனக்கு இதுதான் கணக்கு. சார் சொன்னார், என் அக்காவும் சொன்னாள், விதி என்று. அவர்கள் யாரும் அன்றைக்கு அந்தப் பிள்ளை சிரித்ததை என்னைப் போலப் பக்கத்தில் நின்று பார்க்கவில்லை.

தை மாதம் வெள்ளையம்மாவும் சடையனும் ஊருக்குத் திரும்பிவிட்டார்கள் என்று தெரிந்ததும் போனேன். சார் வரவில்லை. வாசலில் நின்று கூப்பிட்டேன். "வாங்க டீச்சர்" என்றாள். அழுவாள், அடிப்பாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று நினைத்துப் போனவளுக்கு அந்த "வாங்க"தான் தாங்கவில்லை. மாசக்கணக்கில் பூட்டிக் கிடந்த வீடு. ஆனால் அடுப்பு புதிதாக மெழுகியிருந்தது. பரண் காலி.

"கண்ணாடி வெச்சுப் பாருங்க டீச்சர்" என்றாள்.

"வேண்டாம் வெள்ளையம்மா."

"பாருங்க."

மண்டி போட்டு வைத்தேன். நீல வட்டம், ஒரு பொட்டுக் கரி இல்லை.

"நான் அடைக்கலீங்க. ஒரு நாள் கூட அடைக்கலீங்க. அப்பறம் ஏனுங்க டீச்சர் போயிட்டா?"

அவள் என்னைக் குத்திக் காட்டவில்லை. உண்மையாகவே கேட்டாள். எல்லாம் தெரிந்த டீச்சர் என்று நினைத்துக் கேட்டாள். நான் பையைத் துழாவி அந்தத் தகட்டை எடுத்தேன். தப்பு என் மேலேதான், உன் மேலே இல்லை, இனி விதைக்குப் புகை காட்டலாம், இதைச் செருகினால் போதும் என்று என்னென்னவோ உளறினேன். அவள் தகட்டை வாங்கித் திருப்பிப் பார்த்தாள்.

"அடைக்கிறதுங்களா இது?"

"ஆமா. நீ செஞ்சதேதான். இதுல தப்பே இல்ல."

தகட்டை என் மடியில் வைத்தாள். "வேண்டாங்க. அவ தலை மேல கை வெச்சுச் சொன்னதுங்க. புள்ளை இல்லீன்னா சொன்ன சொல்லும் இல்லீன்னு ஆயிருமாங்க?"

சடையன் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் எழுந்தேன். வெள்ளையம்மா ஆணியிலிருந்த அட்டையை எடுத்து, தூசி தட்டி, பேனாவோடு என்னிடம் நீட்டினாள். அந்த மாதத்துக் கட்டம் காலியாக இருந்தது.

'குழாய் சுத்தம், புகை இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.